சிவப்புத் துவாயும் பத்தொன்பது நாளும்

எனக்குப் பொறுமை கிடையாது. மற்றவர்கள் சொல்வதற்கு முன் இதை நானே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்து வேலைத்தளம் ஒன்றில் இயந்திரப் பொறியியலாளராக இருபத்தெட்டு வருடம் இருந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே அங்கே ஆண்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு ஸ்பானரைத் தேடுவார்கள். ஓய்வுபெற்று லிங்கநகர் வீட்டில் குந்திய பிறகு ஏசுவதற்கு ஆளில்லை. வீட்டுக்காரர் காது கேட்காத மாதிரி நடிக்கப் பழகிவிட்டார். மதிலுக்குள் வந்து செம்பரத்தையைத் தின்னும் மான்களைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். அவையும் என்னைக் கணக்கெடுப்பதில்லை.

அந்த நாட்களில்தான் கொழும்பில் இருந்து காப்புரிமை விண்ணப்பங்கள் எனக்கு வரத் தொடங்கின. ஒருவர் ஒரு கருவியைச் செய்து, இது என் கண்டுபிடிப்பு, எனக்கு உரிமைப் பத்திரம் தாருங்கள் என்று கேட்டால், அது உண்மையிலேயே புதியதா என்று யாராவது தேடிப் பார்க்க வேண்டும். சிலவற்றை வெளியில் இருக்கும் என் போன்ற ஆட்களுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். விண்ணப்பகாரரின் பெயர் உள்ள முதல் பக்கம் மட்டும் வராது. ஆர், எவர் என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்ல வேண்டும். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. முகம் தெரியாத மனிதர்களை மனச்சாட்சி குத்தாமல் ஏசலாம் அல்லவா?

ஏசினேன். எண்ணெயும் மின்சாரமும் இல்லாமல் தானே ஓடும் மோட்டார் என்று ஒருவர் அனுப்பியிருந்தார். "ஆளுக்கு விசர்" என்று குசினியில் நின்ற வீட்டுக்காரருக்குக் கேட்கக் கத்திவிட்டு, அதையே நாகரிகமான சொற்களில் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இன்னொருவர் சாதாரண தேங்காய் துருவிக்கு இன்னுமொரு கைபிடி வைத்திருந்தார். என் பேனைக்குத் தப்பிப் பிழைத்தவை மிகக் குறைவு.

பிறகு ஒரு மாசி மாதத்தில் அந்த விண்ணப்பக் கட்டு வந்தது. "சுருள் அமைப்புகளுக்கான அதிர்வு தணிக்கும் சாதனம்" என்று தலைப்பு. கடையில் டைப் பண்ணியிருந்தார்கள், ஒரே பிழைமயம். ஆனால் படங்கள் கையால் வரைந்தவை. என்ன வரைதல்! கோடு ஒவ்வொன்றும் தனக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போயிருந்தது.

விசயம் இதுதான். ஐஸ் பக்டரிகளில் அமோனியா வாயு ஓடும் குழாய் பத்துப் பன்னிரண்டு சுற்றாகச் சுருண்டு கிடக்கும். வாயுவைத் தள்ளும் கம்பிரசர் இரவு பகலாக உதறும். அந்த உதறல் குழாயில் ஏறி, சுருள் முழுவதும் நடுங்கி, கடைசியில் வெல்டிங் பிடித்த இடம் வெடிக்கும். வாயு கசிந்தால் அந்த வளவில் நிற்க ஏலாது, கண்ணும் மூக்கும் எரியும். குழாயை இறுக்கிக் கட்டினாலும் சரிவராது, கட்டின இடத்திலேயே வெடிக்கும். இந்த மனிதர் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே பாலை மரத்தில் கடைந்த கட்டைகளைச் செருகியிருந்தார். கட்டையின் வாய்க்குள் லொறி டியூப் ரப்பர், அதற்கு மேல் தென்னந்தும்புக் கயிறு வரிந்து, ஒரு போல்ட். நடுக்கம் ரப்பரிலும் தும்பிலும் உரசி உரசிச் செத்துப்போகும். குழாயும் கொஞ்சம் அசைய விடப்பட்டிருக்கும்.

மூன்று நாள் தேடினேன். வெளிநாட்டுப் பத்திரங்களில் வில்லுகள் இருந்தன, விலை கூடிய ரப்பர்கள் இருந்தன. இதைப் போல ஒன்று இல்லை. ஒரேயொரு குறையைத்தான் கண்டேன்: குளிரில் குழாய் சுருங்கும்போது பிடி தளரும், அடிக்கடி போல்டை இறுக்க வேண்டி வரும். அது புதுமைக்குத் தடை இல்லை. சந்தோசத்தில் எனக்கு நித்திரை வரவில்லை. கடைசியில் ஒருத்தன், ஒரு மூளையுள்ளவன்! "புதியது" என்று அபிப்பிராயத்தில் எழுதியும் விட்டேன்.

நாலாவது படத்தை அதற்குப் பிறகுதான் ஆற அமரப் பார்த்தேன். கட்டையைத் தனியாக, சாய்வாக வைத்து வரைந்திருந்தார். ஒரு பக்கம் குமிழ், மறு பக்கம் வாய். அந்தக் குமிழின் வழவழப்பு என் விரலுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு நான் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட முந்திய ஒரு விசயதசமியில், உள்துறைமுகப் பக்கம் இருக்கும் ஐஸ் பக்டரி ஒன்றில் நடந்த வாணி விழா அது, சரஸ்வதிக்கு முன் கருவிகளை வைத்துப் பூசை செய்யும் நாள். அவர்களின் கம்பிரசரை முன்பொரு முறை நான் பரிசோதித்துக் கொடுத்த பழக்கத்தில் என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஸ்பானர், சுத்தியல், அமுக்கமானி, வெல்டிங் முகமூடி எல்லாவற்றையும் துடைத்துப் பூ வைத்து அடுக்கியிருந்தார்கள். கம்பிரசருக்கு நெற்றி நிறையத் திருநீறு. தீபம் காட்டி முடிந்ததும் நான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தேன். மேசையின் கடைசியில் ஒரு சிவப்புத் துவாய் எதையோ மூடிக் கிடந்தது.

"இது என்ன தம்பி? ஏன் மூடி வைச்சிருக்கிறீங்கள்?"

பக்கத்தில் நின்றவர் அந்த பக்டரியின் பிட்டர், இயந்திரங்களைப் பூட்டித் திருத்துபவர். ஐம்பது வயசு, தலை முழுக்க நரை, ஆனால் என்னைவிட எட்டு வயசு இளமை என்பதால் எனக்குத் தம்பி. "ஒண்டுமில்லை மிஸ். சும்மா ஒரு சாமான். அம்மாளுக்கு முன்னால வைக்கோணும் எண்டு வைச்சனான்" என்றார். அவருடைய கை துவாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், "சாமிக்குக் காட்டலாம், எங்களுக்குக் காட்ட ஏலாதோ? விடுங்கோ பாப்பம்" என்று இழுத்துவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கட்டை வெளியே வந்தது. அதோடாவது விட்டேனா? "இது எப்பிடி வேலை செய்யுது எண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன். முதலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். நான் விடவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. கொஞ்ச நேரத்தில் மனிதர் தன்னை மறந்துவிட்டார். ரப்பர் ஏன், தும்பு ஏன், எத்தனை வரி, போல்ட் எந்தளவு இறுக்கம் என்று கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினார். நாற்பது பேர் கடலை கொறித்துக்கொண்டு கேட்டார்கள், மீன் வியாபாரிகள், படகுச் சொந்தக்காரர்கள், இன்னொரு ஐஸ் பக்டரிக்காரர் உட்பட. படம் எடுத்து அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டார்கள். படத்தில் நான் நடுவில், பல் முழுக்கத் தெரிய. ஒரு கெட்டிக்காரனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரருக்கு அவல் கொடுத்தேன்.

நாலாவது படத்தை மேசையில் வைத்துவிட்டு, விண்ணப்பம் கையளித்த திகதியைத் தேடினேன். விழாவுக்கு அடுத்த ஆண்டு விசயதசமி!

சட்டம் சுருக்கமானது. உலகத்துக்குக் காட்டிய பொருள் புதியது அல்ல. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தால் ஒரு வருடம் மன்னிப்பு உண்டு, அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். கலண்டரை எடுத்து வந்தேன். விசயதசமியில் இருந்து விசயதசமி ஒரு வருடம் என்றுதானே யாரும் நினைப்போம். ஆனால் அது திதி பார்த்து வரும் நாள். ஒரு வருடம் முன்னுக்கு வரும், இன்னொரு வருடம் பின்னுக்குப் போகும். அந்த முறை பின்னுக்குப் போயிருந்தது. விரலை மடித்து மடித்து மூன்று தரம் எண்ணினேன். ஒரு வருடமும் பத்தொன்பது நாளும்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல் ஆத்திரம், கலண்டர்மேல் ஆத்திரம். என்மேல் வந்த ஆத்திரத்தை மட்டும் மற்றவற்றுக்குக் கீழே மூடி வைத்தேன்.

தப்ப ஒரு வழி இருந்தது. விண்ணப்பகாரரைத் தெரிந்திருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒழுங்கு. "எனக்கு இவரைத் தெரியும், வேறு ஒருவரிடம் கொடுக்கவும்" என்று ஒரு வரி போதும், அதில் பொய்யும் இல்லை. அடுத்து வருபவருக்குத் திருகோணமலையில் ஒரு வாணி விழா நடந்தது எப்படித் தெரியப்போகிறது? பத்திரம் கிடைத்துவிடும். அந்த ஒரு வரியை எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அது இரண்டு நாள் மேசையில் கிடந்தது. எண்ணெய் இல்லாத மோட்டார்க்காரருக்கு நான்கு பக்கம் எழுதியவள் நான். தேங்காய் துருவிக்காரரிடம் ஒரு சொட்டு இரக்கம் காட்டினேனா? இப்போது என் கையால் கெட்ட காரியம் என்றதும் ஒரு வரியில் நழுவப் பார்க்கிறேன். மூன்றாம் நாள் காலை ஆட்டோ பிடித்து ஐஸ் பக்டரிக்குப் போனேன்.

அவர் சுருளுக்கு முன்னால் நின்று ஸ்பானரால் ஒவ்வொரு போல்டாக இறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ மிஸ், என்ன இந்தப் பக்கம்? தொட்டுப் பாருங்கோ" என்றார். பனி படர்ந்த குழாயில் உள்ளங்கையை வைத்தேன். பக்கத்தில் கம்பிரசர் பேய் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது, குழாயில் ஒரு நடுக்கமும் இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, கொழும்புக்கு ஏதும் எழுதிப்போட்டனீங்களோ?"

அவருடைய முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கதிரையைத் துடைத்துப் போட்டு, மூச்சுவிடாமல் சொன்னார். பள்ளிக்கூடத்தை இடம்பெயர்வில் விட்டவர். கையில் ஒரு சான்றிதழும் இல்லாததால் முப்பது வருடமாகப் பதிவேட்டில் அவர் "உதவியாளர்". அவர் திருத்துவதற்கெல்லாம் வேறு யாராவது கையெழுத்து வைப்பார்கள். "ஒரேயொரு கடதாசி மிஸ். இன்னார் கண்டுபிடிச்சது எண்டு என்ர பேர் போட்ட ஒரு கடதாசி. கண்ணாடி போட்டு இதில கொழுவுவன்" என்று சுவரைக் காட்டினார். அதில் ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது.

"ஒரு வருசத்துக்குள்ள அனுப்போணும் எண்டு தெரியாதோ?"

"ஏன் தெரியாது? டைப் பண்ணின கடைக்காரர் சொன்னவர். ஆவணியிலயே எல்லாம் ஆயத்தம். நல்ல நாளில அனுப்புவம் எண்டு வைச்சிருந்தனான். விசயதசமியில வைச்சது, விசயதசமியில அனுப்பினது. சரியா ஒரு வருசம்."

"அப்பிடி எண்ண ஏலாது தம்பி."

"ஏன் ஏலாது? அப்பான்ர திவசம் திதி பாத்துத்தானே செய்யிறம். ஒரு வருசம் எண்டுதானே ஐயரும் சொல்லுறார்?"

அவர் எண்ணிய வருடமும் வருடம்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு என்னிடம் வந்ததை, பத்தொன்பது நாளை, நாற்பது பேரை, படத்தை. விண்ணப்பகாரரிடம் இதெல்லாம் கதைக்கக்கூடாது என்றும் எனக்குத் தெரியும். அவர் கேட்டுக்கொண்டே ஸ்பானரை மெல்ல மேசையில் வைத்தார்.

மூலையில் வயர் முறுக்கிக்கொண்டிருந்த மின்வேலைக்காரர், கிண்ணியாவில் இருந்து வந்துபோகும், எல்லோரும் "நானா" என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதர், தலையை நீட்டினார். "ஆரு மிஸ் சாட்சி? நானும் கடலை திண்டனான்தான். ஆனா எனக்கு மறதி கூட."

"சும்மா இருங்கோ நானா" என்றார் பிட்டர். பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "நான் மூடித்தானே வைச்சனான்? ஒருத்தருக்கும் காட்டேல்லைத்தானே? நீங்கள்தானே துவாயை இழுத்தது! சொல்லு, சொல்லு எண்டு நீங்கள்தானே நிண்டது!"

"ஓம்" என்றேன்.

"பெரிய ஆக்கள் கேட்டா நாங்கள் சொல்லத்தானே வேணும்? மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இதைத்தான் என் இருபத்தெட்டு வருட வேலையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டால் மறுக்க ஏலாதவர்களிடம்தான் நான் எப்போதும் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்திருக்கிறேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சுருளுக்குப் பின்னால் போய்விட்டார். போல்ட் இறுக்கும் சத்தம் கேட்டது. நான் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒட்டிய உறையைக் கிழித்தேன். புதிதாக எழுதலாம் என்று இருந்தால் கை ஓடவில்லை. எழுதினால் ஒரு மனிதரின் ஆணி வெறுமையாகக் கிடக்கும். எழுதாவிட்டால் இனி ஒரு விண்ணப்பத்திலும் கை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் காது கேட்டவர் போல, "என்னப்பா, சத்தமே இல்லை?" என்றார். அவரையும் ஏசவில்லை.

பக்டரிக்குப் போய்வந்த நான்காம் நாள் பிட்டர் தொலைபேசி எடுத்தார். வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. "கொழும்புக்கு நானே எழுதிப்போட்டன். வாசிக்கிறன், கேளுங்கோ" என்றார். வாசித்தார். தன் சாதனத்தைத் தான் இன்ன நாள் தன் வேலைத்தளத்தில் பலருக்கும் காட்டி விளங்கப்படுத்தியதாகவும், அதிலிருந்து ஒரு வருடத்துக்கும் பத்தொன்பது நாளுக்கும் பிறகே விண்ணப்பித்ததாகவும், சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யுமாறும் இருந்தது. துவாய் அதில் இல்லை, நானும் இல்லை.

"நான் இழுத்தது?" என்று கேட்டேன்.

"அது தேவையில்லை. காட்டினது நான்தானே."

"ஏன் தம்பி இப்படி? நான்தானே எழுதவேண்டியது."

"நீங்கள் எழுதியிருப்பீங்களோ, விட்டிருப்பீங்களோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்தக் கடதாசி வந்து சுவரில தொங்கினா, நானா ஒவ்வொரு நாளும் அதைப் பாத்து எனக்கு மறதி எண்டு சிரிப்பார். அது எனக்கு ஏலாது." வைத்துவிட்டார்.

அன்றே என் கடிதத்தையும் எழுதினேன். விண்ணப்பகாரரைத் தெரியும், அவரோடு இதைப் பற்றிக் கதைத்தும்விட்டேன், விண்ணப்பத்தைத் திருப்புகிறேன், விழாவில் மூடியிருந்த சாதனத்தைத் திறந்ததும் அவரைப் பேச வைத்ததும் நான், அவர் விரும்பிக் காட்டவில்லை என்று எழுதினேன். அது எதையும் மாற்றவில்லை. சில மாதத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் என்னோடு கதைக்கவில்லை. சந்தையில் ஒரு நாள் எதிரே வந்தவர் மீன் பார்க்கக் குனிந்தார், அவர் நிமிரும்வரை நிற்காமல் நான் கடந்துபோனேன்.

புரட்டாதி முடியும் நேரம் வாணி விழா அழைப்பு வந்தது. உறையில் என் பெயரை எழுதிய கையெழுத்தை அடையாளம் கண்டேன். படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதிய அதே கை. போவதா விடுவதா என்று மூன்று சேலை மாற்றினேன். கடைசியில் நூல்சேலையோடு போனேன்.

அதே மேசை, அதே ஸ்பானர்கள், அதே கடலை. சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்தேன். கடைசியில் அந்தச் சிவப்புத் துவாய், எதையோ மூடிக்கொண்டு. என் கால் அப்படியே நின்றுவிட்டது. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாற்பது பேரும் பார்க்கிறார்கள். மின்வேலைக்காரர் மட்டும் கடலையை வாயில் போடாமல் கையில் வைத்திருந்தார்.

பிட்டர் சட்டைப் பையில் இருந்து மடித்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு. கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். கொழும்புக்கு, முந்தநாள்.

"முந்தநாள் அட்டமியெல்லோ!" என்று வாய்தவறிக் கத்திவிட்டேன்.

"ஓம் மிஸ். ராகு காலமும்தான்" என்றார். "வேலை முடிஞ்ச உடன போட்டனான். நாள் பாக்கேல்லை."

"தபால் கந்தோருக்குக் கொண்டுபோனது என்ர சைக்கிளில" என்றார் மின்வேலைக்காரர். "பூனையும் குறுக்க போனது மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். பிட்டர் சிரிக்கவில்லை. துவாயை அவரே எடுத்து, நான்காக மடித்து என் கையில் தந்தார். உள்ளே பழைய கட்டையின் தம்பி போல ஒன்று இருந்தது. போல்ட் இல்லை. வாயின் ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டும் சின்ன வில்லும். குழாய் சுருங்கச் சுருங்க ஆப்பு தானே இறங்கி இறுக்கும். நான் கண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்ட அந்த ஒரு குறையை மனிதர் தானே கண்டு தானே தீர்த்து, இந்த முறை காட்டுவதற்கு முன்பே விண்ணப்பமும் அனுப்பியிருந்தார்.

சந்தனம் வைத்தேன். வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். இனி இந்த மேசையில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று வரும் வழியிலேயே முடிவெடுத்திருந்தேன். பிட்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"கேளுங்கோ மிஸ்" என்றார்.

"என்னத்தை?"

"அண்டைக்குக் கேட்டதுதான். எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ."

சத்தமாகக் கேட்க வேண்டும் என்றுதான் முயன்றேன், பாதிச் சத்தம்தான் வந்தது.

"இது என்ன தம்பி?" என்று கேட்டேன்.